எட்வின் அங்கிள் கையெழுத்துப் போடாத கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது எட்வின் அங்கிளின் மகள் ஆக்னஸ் போன் செய்தாள். "அண்ணா, அப்பா போயிட்டார். தூக்கத்துலயே." எனக்கு அழுகை வரவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே டெக்சாஸ் பிளானோவில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கார் நிக்கோபார் தீவுக்காரர். அங்கே நர்ஸாகப் போன நாகர்கோவில் ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டு, ஆன்ட்டியின் தமிழையே பேசியவர். தீவில் செய்வதுபோல் புகைபோட்டுக் கொப்பரை காயவைக்கிறேன் என்று மகள் வீட்டு பேக்யார்டுக்குத் தீயணைப்பு வண்டியையே வரவழைத்த மனிதர். வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு கீற்றுத் தேங்காய் கொடுத்துத்தான் அனுப்பினார்.

சுனாமி கொண்டுபோன தோப்பை அவரும் தம்பிகளும் மறுபடி நட்டார்கள். அது காய்ப்பதற்குள் ஆன்ட்டியின் வைத்தியத்துக்காக நாகர்கோவில் போனார். ஆன்ட்டி இறந்ததும் மகளிடம் வந்தார். நட்டதன் காயைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதே பேச்சாக இருந்தது.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால், பயண அனுமதி வாங்காமல் போக முடியாது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தே களைத்துப்போனவன் நான். 'என் தென்னந்தோப்பைப் பார்க்கப் போகிறேன்' என்று காரணக் கடிதம் எழுதி நீட்டினேன். படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"என் தோப்புன்னு எப்படி மக்களே போடுவேன்? அது எங்க குடும்பத்துக்கே பொது. இதுல கையெழுத்து போட்டுட்டு தம்பிங்க மூஞ்சில எப்படி முழிக்க?"

டெக்சாஸில் யார் அங்கிள் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொண்டேன். மாற்றித் தருமாறு சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபம். கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டேன். அதன்பின் இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. மூன்று மாதம் ஓடிவிட்டது.

அடக்கத்தன்று தீவிலிருந்து அவர் தம்பி போனில் பேசியதை ஆக்னஸ் சொன்னாள். அவர்கள் மரமேறிப் பறிப்பதில்லை, விழுந்ததைத்தான் பொறுக்குவார்கள். "அப்பா நட்ட வரிசையில மட்டும் யாரும் கை வைக்கலையாம் அண்ணா. அவர் வந்து முதல்ல பொறுக்கட்டும்னு விட்டு வச்சாங்களாம். எல்லாம் முளைச்சுக் கிடக்குதாம்."

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் மட்டும்தான். நேற்று அதை எடுத்து, 'எங்கள் குடும்பத் தோப்பை' என்று மாற்றி எழுதினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.