சேலையை நக்கிய நாய்

நாய் வளர்க்க ஆசைப்பட்டவள் நான் இல்லை. வீட்டுக்காரர்தான் குட்டியாகத் தூக்கிவந்தார். சோறு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. விடிவதற்குள் எங்கள் ஊர் சிலமலையில் ஜீப்பு ஏறி, மெட்டு மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிப் போய், ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து காயெடுத்துவிட்டு வருகிறவளுக்கு இது ஒன்றுதான் குறைச்சல் என்று வைதிருக்கிறேன். அதற்கு மானமே கிடையாது. சாயங்காலம் ஜீப்புச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்து என் காலையும் சேலை ஓரத்தையும் நக்கும். சினை வயிறு தரையைத் தொடுகிற மாதிரி ஆன பிறகும் தள்ளாடிக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை தோட்டத்தில் பக்கத்துச் சரிவில் பூச்சிமருந்து அடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நாய் வழக்கம்போல நக்கியது. விலக்கிவிடக்கூடத் தெம்பு இல்லாமல் நின்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் கால் நான்கும் கட்டையாக விறைத்து, தாடை வெடவெடவென்று ஆட, உடம்பு கொதித்துக் கிடந்தது.

"உன் சேலையத்தான நக்குச்சு. மருந்து ஏறிருச்சு" என்றார் வீட்டுக்காரர். பழி போடுகிற குரல் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏலக்காட்டில் வேலை பார்க்கிற எங்களுக்கு எது நடுங்கினாலும் மருந்துதான். கோழி சுருண்டு விழுந்தாலும் மருந்து, ஆள் மயங்கினாலும் மருந்து. வாந்தியெடுக்க வைக்க அவர் உப்புத்தண்ணீர் கரைத்துவந்தார்.

"பல்லு கிட்டிப்போயிருக்கு. ஊத்துனா மூச்சடைச்சுரும். வெரசா ஆட்டோவக் கூப்பிடுங்க" என்று சொம்பைப் பிடுங்கி வைத்தேன். டாக்டரிடம் மருந்தின் பேரைச் சொல்ல வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லித்தந்திருக்கிறார்கள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

போடி மாட்டாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நாய் என் மடியில் கிடந்தது. உள்ளே குட்டிகள் புரள்வது தொடையில் தெரிந்தது. எத்தனை உயிரைக் கொல்லப் போகிறேனோ என்று வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் என் உள்ளங்கையைப் படித்தார். பிறகு நாயின் கண்ணையும் வாயையும் பார்த்தார்.

"இந்த மருந்துன்னா கண்பாப்பா சுருங்கிப்போயிருக்கும். இதுக்கு அப்படி இல்லம்மா. சாப்பிட என்ன வைக்கிறீங்க?"

"நாங்க திங்கிற சோறுதான் சார்."

"குட்டிகளுக்கு எலும்பு கட்டுறதுக்கு இவ ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் போயிருச்சு. அதான் நடுக்கம்."

நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, நரம்பு வழியாக ஊசிமருந்தை மெதுவாக ஏற்றினார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. என் சேலை கொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாலு, முட்டை குடுங்க. நல்லாப் படுத்துக் கிடக்கட்டும். குட்டி வர்றதுக்கு முன்னாடியே பச்சையாத் தண்ணி போனாலோ, முக்கிமுக்கியும் குட்டி வரலைன்னாலோ உடனே கொண்டாங்க. பால் குடுக்கையில மறுபடி நடுக்கம் வந்தாலும்தான்" என்றார்.

வீட்டில் வீட்டுக்காரரே நாய்க்கு முட்டை அவித்தார்.

"நான் நெறமாசமா ஜீப்புல போய்ட்டு வந்தேனே, அப்ப யாரு அவிச்சது?"

"அப்ப எந்த டாக்டரும் சொல்லலையே" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காய் எடுக்கிற சமயத்தில் லீவு போட்டால் ஜீப்பில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அவரைக் காவலுக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மலையில் போனும் எடுக்காது. காயைக் கிள்ளினேனே தவிர, நினைப்பெல்லாம் வீட்டில்தான் கிடந்தது. இரண்டு நாள் நல்லபடியாகப் போனது. அடுத்த நாள் சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினேன். வாசலுக்கு நாய் வரவில்லை. முடிந்துபோயிற்று என்றே நினைத்தேன்.

அவர் வெளியே வந்து, "பின்னால போய்ப் பாரு" என்றார். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் அது கிடந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் வாலைத் தரையில் தட்டியது. எழுந்து வரவில்லை.

"வந்து நக்கலைன்னு கோவமா?" என்று சீண்டினார்.

"எதுக்குக் கோவம்? இந்த வீட்டுல ஒருத்தியாச்சும் படுத்துக் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனேன். அடுப்பு இன்னும் பற்றவைக்காமல்தான் கிடந்தது.