நஸீர் நானாவின் விரல்

நஸீர் நானா மௌத்தாகி விட்டார். இன்று காலை, புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில்... த்ரீவீலுக்குள்ளேயே.

அஸருக்குப் பிறகு கற்பிட்டியில், அவருடைய ஊர் மையவாடியில் நல்லடக்கம். தெரிந்தவர்கள் எல்லோரும் போங்கள். என்னைத் தேட வேண்டாம், நான் அங்கே இருக்க மாட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

களப்பின் கரையில் என்னுடைய இறால் பண்ணை இருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் குளம் வெட்டின நாளில் இருந்து அங்கே நஸீர் நானாதான் எல்லாம்.

ஐந்தாறு வருசத்துக்கு முன் ஒட்டோமேட்டிக் சிஸ்டம் போட்டேன். குளத்துக்குள் சென்சர். ஒட்சிசன் குறைந்தால் தண்ணீரை அடிக்கிற சக்கரங்கள் தானாக ஓடும், எங்கள் போனுக்கு அலாரம் வரும். மணிக்கு மணி எல்லாம் பதிவாகும்... ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் நம்முடைய இறாலைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

பாசி சுற்றி மோட்டார் எரிவதுதான் எங்கள் பெரிய தலையிடி. அதனால் அலாரம் வந்தால் பத்து நிமிசத்துக்குள் ஒரு ஆள் போய் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, ஷெட்டில் இருக்கிற பெனலில் பட்டனை அமத்த வேண்டும். அமத்தாவிட்டால் மோட்டார் எல்லாம் நின்று விடும்.

வேலையாட்கள் பார்க்காமலே அமத்திவிட்டுப் போய்ப் படுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு காலம் கூலிக்கு நின்றவன்தானே.

அதனால் புரோகிராம் எழுதின தம்பியிடம் சொன்னேன், "பட்டன் வேணாம், விரல் வைக்கிற மாதிரிச் செய்ங்க. ரெண்டு பேர்ட விரல் மட்டும். என்டயும் நானாடயும்."

பெரிய மூளைக்காரன் என்று என்னை நானே மெச்சிக் கொண்ட நாள் அது.

நானா சிரித்தார். "மொதலாளி, வாப்பா செத்தப்ப சொத்துக்குக் கூட எங்கிட்ட இப்பிடி விரல் கேக்கல்ல."

அந்தத் தம்பி மறு வருசமே அவுஸ்திரேலியா போய்விட்டான். பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை. மூன்றாவது விரல் ஒன்றைச் சேர்க்க இன்று வரை ஆளில்லை.

எனக்கு டவுனில் கடை. ஆக, நானாதான் மாட்டிக் கொண்டார். பண்ணையில் இருந்து பத்து நிமிசம்... அதுக்கு அங்கால அவருக்கு உலகம் இல்லை. கற்பிட்டி வீட்டைப் பூட்டிவிட்டு மனிசியோடு பண்ணைக்குப் பக்கத்தில் வந்து குடியிருந்தார்.

ஒரு நாள் சலூனில் பாதித் தாடி வழித்தபடி இருக்கும்போது அலாரம். கழுத்தில் கட்டின துணியோடேயே சைக்கிளில் வந்தார். பண்ணையில் வேலை செய்கிற சுனில் அதைப் பார்த்து, "நானா, அரைவாசி ஹாஜியார், அரைவாசி மாப்பிள்ளை!" என்று கத்தினான். ஒரு கிழமை அதுதான் அங்கே கதை.

அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவே பொய்.

அவருடைய மகளின் நிக்காஹ். பள்ளிவாசலில் முன் வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார். சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டைக் கொண்டு வந்து வைத்த நேரம், இரண்டு பேர் போனிலும் ஒன்றாக அலாரம்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க தின்னுங்க மொதலாளி, நான் இந்தா வந்துட்டன்" என்று எழும்பினார். என்னுடைய விரலும் அந்தப் பெனலில் இருந்தது. நான் சோற்றில் கை வைத்தேன்.

அவர் திரும்பி வரும்போது மகளை அனுப்பி முடிந்துவிட்டது.

அதுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார். "இதைக் கழட்டிப் போட்டு மோட்டாருக்கு நேர் லைன் குடுத்தா என்ன மொதலாளி? மனிசியோட ஒருக்கா மக்காவுக்கு உம்ரா போய் வரணும்."

"கழட்டினா பதிவு நிக்கும் நானா. இந்த அறுவடை முடியட்டும்" என்றேன்.

எத்தனை அறுவடை முடிந்தது...

இன்று காலை கடை திறக்கும்போது ஃபரீதா ராத்தா, நானாவின் மனிசி, போன் எடுத்தார். "தம்பி, இவருக்கு நெஞ்சு நோகுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். அலாரம் அடிக்குதாம். மொதலாளிட விரல் வேலை செய்யும், அவரப் போகச் சொல்லு எண்டு சொல்றாரு."

பின்னால் நானாவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று விளங்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பண்ணைக்குப் போனேன்.

விரலை வைத்து, நின்றிருந்த சக்கரங்கள் திரும்ப ஓடுகிறதைப் பார்த்துவிட்டு பைக்கைத் திருப்பும்போது அடுத்த கோல் வந்தது. இந்த முறை நானாவின் மருமகன்.

வானம் மூடிக் கிடக்கிறது. இப்படியான நாளில் ஒட்சிசன் இறங்கி அரை மணிக்கு ஒரு அலாரம். நாலு நாளில் இறால் பிடிக்க வேண்டும், சக்கரம் நின்றால் எல்லாம் செத்து மிதக்கும். கற்பிட்டிக்குப் போக மட்டும் முக்கால் மணி.

எலெக்ட்ரீசியனுக்கு எடுத்தேன். நாளைக் காலையில்தான் வரலாமாம். "நேர் லைன் தானே ஹாஜியார்? அரை நாள் வேலை" என்றான்.

அரை நாள்.

சுனில் வந்து, "மாத்தயா போங்க, நான் நிக்கிறன்" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. "உன்ட விரல் செல்லாதுடா. நீ போய் நானாட சந்தூக்கைத் தூக்கு" என்று அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

ஷெட்டில் அவருடைய கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். இன்னும் முகம் பார்க்கவில்லை. இதை எழுதி முடிக்கிறதுக்குள் இரண்டு தடவை எழும்பினேன்.

இப்போது அஸர் பாங்கு சொல்கிறது. இங்கேயே தொழுது துஆ கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

மன்னிச்சுக்கொள்ளுங்க நானா. நீங்க போங்க... இண்டைக்கு நான் நிக்கிறன்.