மரத்தரையில் தோப்புக்கரணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை. ஆனால் அந்தக் கவலையால் ஒருமுறை எங்கள் குடும்பத்துக்கு வீடே கிடைத்திருக்கிறது.

அப்பாவுக்கு வங்காளத்தில், கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். பவானிபூரில் சித்தப்பா குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தோம். சித்திக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பிறந்தபின் எங்களுக்கு அங்கே இடமில்லை. இதைச் சித்தி வாயால் சொல்லவில்லை, பாத்திரங்களை வைக்கிற விதத்தில் சொன்னாள்.

பேஹாலாவில் ஒரு மாடி வாடகைக்கு என்று கேள்விப்பட்டுப் போனோம். தரை முழுக்கத் தேக்குப் பலகை. முகம் பார்க்கலாம்போல மெழுகியிருந்தது. "இதை எப்படிங்க தண்ணி விட்டுக் கழுவுறது?" என்று அம்மா முணுமுணுத்தாள். கீழ்த்தளத்தில் வயதான வீட்டுக்காரரும் அவர் மனைவி மாஷிமாவும் இருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான். "நான் கீழே உட்கார்ந்திருக்கேன். நீங்க மேலே நடங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

"தலைக்கு மேல சத்தம் வந்தா கிழவர் தரமாட்டார். பூனை மாதிரி நடங்க" என்றார் அப்பா. என் கொலுசு அவர் சட்டைப்பைக்குள் போனது. அம்மா கைக்குட்டையைக் கிழித்து மெட்டிகளில் சுற்றிக்கொண்டாள். சுவரோரமாக மூன்று திருடர்கள் நடந்தோம்.

கீழேயிருந்து குரல் வந்தது: "எப்ப நடக்கப்போறீங்க?"

"நடந்தாச்சு மஷாய்!" என்று வங்காளி 'ஐயா' போட்டு அப்பா பெருமை பொங்கக் கத்தினார்.

கீழே போன அப்பா தொங்கிய முகத்தோடு திரும்பினார். "யோசிச்சுச் சொல்றாராம்."

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வீடு கிடைத்தால் தோப்புக்கரணம் போடுவதாகப் பிள்ளையாருக்கு வேண்டியிருந்தேன். முதலிலேயே போட்டுவிட்டால் அவர் எப்படி மறுப்பார்? காதுகளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தொடங்கினேன். உட்கார்ந்தால் தொம்மென்றது, எழுந்தால் பலகை கிறீச்சிட்டது.

"அடிப்பாவி, கெடுத்தியே!" என்று அம்மா பாய்ந்து வருவதற்குள் படியில் செருப்புச் சத்தம். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"ஓ மா! குழந்தைக்கு யார் தண்டனை கொடுத்தது?" என்று பதறினாள் மாஷிமா.

"தண்டனை இல்ல, கணேஷ் டாகூருக்கு. இந்த வீடு வேணும்னு" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளியில். பிள்ளையாருக்கு அங்கே அதுதான் பெயர்.

வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்திட்டியே, போடு" என்றார். போட்டேன். மாஷிமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் சாவியை எடுத்து அப்பாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார்.

பவானிபூர் திரும்பியதும் சாவியைச் சித்தியின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அம்மா அதட்டவில்லை, அவளுக்கும் ஆட்ட ஆசைதான்.

குடிபோன பிறகும் நாங்கள் பூனை நடைதான் நடந்தோம். சாயங்காலமானால் மாஷிமா கீழேயிருந்து கேட்பாள்: "இன்னைக்கு கணேஷுக்குப் போடலியா?" இவர்கள் நம்மைவிடப் பக்திக்காரர்கள் என்று நானும் விடாமல் போட்டேன்.

மாடியறைக் கதவு நிலையில் யாரோ ஒரு பையனின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் இருந்தன. என் இடுப்பளவில் தொடங்கி அப்பாவின் தோளளவில் நின்றிருந்தன. அதில் முதுகை ஒட்டி நின்று, நான் எத்தனை கோடு தாண்டிவிட்டேன் என்று பார்த்துச் சந்தோஷப்படுவேன். அதற்கு மேல் ஏன் கோடு இல்லை என்றோ, அந்தப் பையன் எங்கே என்றோ யாரையும் கேட்கத் தோன்றவில்லை.