ரெண்டு நிமிஷம்தானே... கட்டிப் போட்டுட்டு வரேன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் மெட்ரோ நெரிசல், மாம்பழம், மாடி ஃப்ளாட்டின் பாட்டு கிளாஸ் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கவனித்திருப்பீர்கள். எழுத வேண்டிய விஷயம் வேறு. தைரியம் வரவில்லை – அவ்வளவுதான்.

இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. லேக் மார்க்கெட் நடைபாதை. என் ஒரு கையில் அரை கிலோ காபிப்பொடி, அரைத்த சூடு ஆறாமல். இன்னொரு கையில் ஒன்றரை அடி நீளத்துக்கு நாய்க்கயிறு. அதன் நுனியில் நாய் இருக்க வேண்டும். இல்லை.

கயிறு அறுந்திருக்கவில்லை. பல்லால் கடித்த அடையாளமும் இல்லை. ஒரே வெட்டு. சலூனில் கிருதா எடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம்.

உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. திருட்டு.

நாயைப் பற்றிச் சொல்லவில்லையே... வெள்ளை ஸ்பிட்ஸ். இரண்டரை வயது. வால் சுருண்டு முதுகின் மேல் உட்கார்ந்திருப்பதால் முறுக்கு என்று பெயர். என் கணவர் சுந்தரத்துக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா வந்த முதல் வருஷம், எனக்குப் பேச்சுத்துணைக்கு என்று அவர்தான் வாங்கி வந்தார். ஆனால் சோபாவைக் கடித்தால் 'உன் நாய்'. பக்கத்து ஃப்ளாட் குழந்தைகள் கொஞ்சினால் 'நம்ம முறுக்கு'.

இதில் கூடுதல் கேவலம் ஒன்று உண்டு. மொட்டை மாடியில் நாயைக் கட்டிப் போட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போன எங்கள் அடுக்குமாடி ஆசாமி ஒருவரை, கொஞ்ச நாள் முன்பு இதே பத்தியில் காய்ச்சி எடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? 'பொறுப்பில்லாதவர்களுக்கு எதற்கு நாய்?' என்றுகூடக் கேட்டிருந்தேன். பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாராட்டை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான்.

காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. நாய்க்கு அனுமதி இல்லை. வெளியே நடைபாதை ஓரம் இரும்பு ரெயிலிங். முறுக்கின் கயிற்றை மேல் கம்பியில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். கழுத்துப் பட்டையை ஒரு துளை இறுக்கினேன். நழுவிப் போய்விடக் கூடாதாம், முன்ஜாக்கிரதை. "ரெண்டு நிமிஷம்தான். உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். நான் சொன்னால் உட்காருவான்.

உள்ளே என் சிநேகிதி கமலா இருந்தாள். அவள் கணவர் வங்கி அதிகாரி. விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டதாம். மாற்றலில் ஊர் ஊராகச் சுற்றுகிற பெண்கள் இரண்டு பேர் சந்தித்து, அதில் ஒருத்திக்கு ஆர்டரும் வந்திருந்தால், பேச்சு எவ்வளவு நேரம் போகும்? பேக்கர்ஸ், பையனுக்கு ஸ்கூல், காஸ் கனெக்‌ஷன், அங்கே வீட்டுவேலைக்கு ஆள் கிடைப்பாளா... அரைக்கும் மெஷின் வேறு 'கர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் முறுக்கு குரைத்தது கேட்டது. ஆமாம், கேட்டது. கேட்கவில்லை என்று எழுதிவிட ஆசைதான்.

"பாரேன், ரெண்டு நிமிஷம் என்னை விட்டு இருக்க மாட்டான்" என்றேன் பெருமையாக.

"நீங்க குடுத்து வச்சவங்கக்கா. எங்க வீட்டு மனுஷன் நான் ஒரு மாசம் ஊருக்குப் போனாக்கூடக் கண்டுக்க மாட்டாரு" என்றாள் கமலா. இருவரும் சிரித்தோம்.

குரைப்பு இன்னும் வேகமானது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

"பாத்தியா, சமத்து. புரிஞ்சுக்கிட்டான்" என்றேன்.

வெளியே வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ரெயிலிங்கில் அந்த ஒன்றரை அடிக் கயிறு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்த்து எடுத்தேன். முடிச்சு சுலபத்தில் வரவில்லை.

பக்கத்தில் நடைபாதையில் நைட்டி விற்கும் அம்மாளைக் கேட்டேன்.

"நான் கஸ்டமருக்கு எக்ஸெல் சைஸ் தேடிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா ஒரு ஆளு, கையில காட்டாரி. கயித்தை வெட்டிட்டு நாயைத் தூக்கிக்கிட்டு அந்தச் சந்துக்குள்ள ஓடிட்டான். முதுகைத்தான் பார்த்தேன்" என்றார் வங்காளத்தில். காட்டாரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் கையை ஓங்கிக் காட்டிய விதத்தில் தெரிந்துவிட்டது. அரிவாள்.

"நீங்க தடுக்கலையா?"

"கையில காட்டாரி இருக்கே" என்றார். நியாயம்தான்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொல்கத்தாவில் கூட்டம் சேர்ந்தால் ஆளுக்கொரு கருத்து நிச்சயம். "ஸ்பிட்ஸ்னா உடனே வித்துடுவாங்க" என்றார் ஒருவர். "இந்நேரம் ஹவுரா தாண்டியிருக்கும்" என்றார் இன்னொருவர், ஆறுதலாக. மூன்றாமவர், "நாயைத் தனியா விட்டுட்டுப் போனது யாரு?" என்று கேட்டார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

"முறுக்கு... முறுக்கு..." என்று கத்திக்கொண்டே சந்துக்குள் ஓடினேன். வங்காளத்தில் 'மூர்க்கோ' என்றால் மடையன். தூரத்திலிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுதான். மீன் பையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, "என்னையா சொல்றீங்க?" என்று கேட்டார். வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

போன் அடித்தது. சுந்தரம்.

"இட்லி ஆறுது. எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"வந்துக்கிட்டே இருக்கோம்."

பன்மையில்தான் சொன்னேன். ஒருமையில் சொல்ல நாக்கு வரவில்லை.

சந்து திரும்பும் இடத்தில் ஒரு அடிபம்பு. அதன் பக்கத்தில் கட்டம் போட்ட லுங்கியும் பனியனுமாக ஒல்லியாக ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் அரிவாள். அவர் கையில் ரத்தம். எதிரே, விரித்துப் போட்ட ஈரத் துண்டின் மேல் வெள்ளையாக ஒன்று அசையாமல் கிடந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. 'சோர்' என்றேனாம். திருடன்.

அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. விரலை உதட்டில் வைத்தார். "சத்தம் போடாதீங்க பௌதி. பயந்துக்கும். இப்பத்தான் மூச்சு சரியாச்சு."

பௌதி என்றால் அண்ணி. முன்பின் தெரியாத ஒருத்தி திருடன் என்று கத்துகிறாள். அவர் அண்ணி என்கிறார்.

முறுக்கு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். வால் ஒரே ஒரு தடவை ஆடியது. நான் அங்கேயே அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயர் நிமாய். எதிர்ச் சாரியில் சைக்கிள் வண்டியில் இளநீர் விற்கிறவர். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"இந்தத் தெருவுல மூணு நாய் இருக்கு பௌதி. கெட்டதுங்க இல்ல. ஆனா இது அதுங்க பாரா, அதுங்க பேட்டை. புதுசா ஒருத்தன் வந்து உக்காந்தா கேக்கத்தானே செய்யும்? சுத்தி நின்னு உறுமுச்சுங்க. இவனும் விடாம குரைச்சான். ஓடவும் முடியல, கட்டியிருக்கே. பக்கத்துல ஒரு பழப்பெட்டி கிடந்துச்சு. அதுமேல ஏறி ரெயிலிங்குக்கு அந்தப் பக்கம் ரோட்டுல குதிச்சுட்டான். கயிறு பத்தல. தொங்கிட்டான்."

"நீங்க எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"குரைக்கிற நாயை யாரு திரும்பிப் பார்ப்பா? திடீர்னு சத்தம் நின்னுச்சு. அதான் பார்த்தேன்."

அதே சத்தம் நின்றது எனக்கும் கேட்டது. நான் சமத்து என்றேன்.

பாதி வெட்டிய இளநீரை அப்படியே வாடிக்கையாளர் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறார். கொக்கியைக் கழற்றப் பார்த்தாராம். உடம்பு எடை மொத்தமும் அதில் இழுத்துக்கொண்டிருந்ததால் கழலவில்லை. ஒரு கையால் நாயைத் தாங்கி மறு கையால் கயிற்றை வெட்டியிருக்கிறார். சுவாசம் திரும்பியதும் நம்ம பிள்ளை செய்த முதல் காரியம், காப்பாற்றிய கையைக் கடித்ததுதான். அந்த ரத்தம் அவருடையது. அதோடுதான் அவனைத் தூக்கிக்கொண்டு பம்புக்கு ஓடி, தலையில் தண்ணீர் விட்டிருக்கிறார்.

"தப்பு அவன் மேல இல்ல. நான் யாருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நிமாய்.

எனக்கும்தான் தெரியவில்லை. அவன் கடித்தான். நான் திருடன் என்றேன். அவனாவது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான்.

பக்கத்திலேயே ஒரு கால்நடை டாக்டர். இளம்பெண். முறுக்கின் கழுத்து ரோமத்தை விலக்கிக் காட்டினார். பட்டை இருந்த இடத்தில், நான் ஒரு துளை இறுக்கிய இடத்தில், சிவப்பாக ஒரு வளையம்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகியிருந்தா?" என்று கேட்டேன்.

"அவ்வளவு நேரமெல்லாம் தேவையில்ல" என்றார்.

மருந்து எழுதிக்கொண்டே, தனியாக வெளியே கட்டிய நாய்களுக்கு என்னவெல்லாம் ஆகி அவரிடம் வருகிறது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். வெயிலில் பாதம் வெந்துபோவது. கயிறு காலில் சுற்றிக்கொள்வது. வழியில் போகிறவர்கள் பாசமாகக் கொடுத்த சாக்லேட் விஷமாவது. பயத்தில் யாரையாவது கடித்து வைப்பது. திருட்டு கடைசியில்தான் வந்தது. நான் முதலில் நினைத்தது அதைத்தான்.

ஏன்? திருடன் ஒருத்தன் இருந்தால் சௌகரியம். பழி மொத்தத்தையும் அவன் தலையில் இறக்கிவிட்டு நாம் நிம்மதியாக அழலாம். இந்தக் கதையில் அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் சுந்தரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரைப்பு நின்றதையும், நான் சொன்ன வார்த்தையையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் முறுக்கின் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அவன் காதைத் தடவிக்கொண்டே, "நான் வந்திருக்கணும். ஞாயித்துக்கிழமைதானே, பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். முதல் தடவையாக ஒரு விபரீதத்துக்கு முறுக்கு 'உன் நாய்' ஆகவில்லை.

ஐந்து நாள் அவனுக்குக் குரல் வரவில்லை. காலிங் பெல் அடித்தால் ஓடிப் போய் வாயைத் திறப்பான். பிரஷர் குக்கர் விசிலுக்கு முன்னால் வருமே, 'புஸ்' என்று, அது மட்டும் வரும். எங்களைத் திரும்பிப் பார்ப்பான். ஆறாம் நாள் கூரியர்காரரைப் பார்த்து முழுக் குரலில் குரைத்தான். சுந்தரம் அந்தக் கூரியர்காரருக்குக் காபி கொடுத்தார்.

நிமாய்க்கு நாய்க்கடி ஊசி போட வேண்டியிருந்தது. முறுக்குக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்றாலும் டாக்டர் விடவில்லை. அப்போதுதான் தெரிந்தது – நாள் முழுக்க அரிவாளோடு வேலை செய்கிற மனிதருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். "பௌதி, நீங்க வந்தா வரேன்" என்றார். இதுவரை நாலு தடவை கூட்டிப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். முறுக்கின் பெயர் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு புத்திசாலியைப் போய் மூர்க்கோன்னு கூப்பிடறீங்களே" என்று வருத்தம். 'பாபு' என்று மாற்றி வைத்திருக்கிறார். அவன் அதற்கும் வாலை ஆட்டுகிறான்.

முறுக்கு இப்போதும் எங்களோடு கடைத்தெருவுக்கு வருகிறான். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே அவனோடு. நான் தனியாகப் போகும் நாளில் அவன் வீட்டில். கடை வாசலில் "உக்காரு" என்றால் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறான். வற்புறுத்துவதில்லை.

நேற்று சாயங்காலம் கோயிலுக்குப் போயிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால், சாமி தெரியவில்லை. வாசலில் விட்டுவிட்டு வந்த புதுச் செருப்புதான் தெரிந்தது. இருக்குமா, எவளாவது மாட்டிக்கொண்டு போயிருப்பாளா... தீபாராதனை முடிவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

இத்தனைக்கும் அதற்கு டோக்கன் வாங்கியிருந்தேன்.