மாற்றாமல் விட்ட ரப்பர் குழாய்

தென்காசியில் செங்கோட்டை போகிற சாலையில் ரத்தினத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. லாரி, பஸ் வேலை எல்லாம் எடுப்பார் என்றாலும், பிரேக் வேலைக்காகத்தான் ஆலங்குளத்திலிருந்துகூட அவரைத் தேடி வந்தார்கள். வேதக்கோயில் கமிட்டியில் இருந்தவர், கண்டிப்பானவர். மனைவி ஜெபமலரின் தம்பி ஞானமுத்து வடகரை இந்துப் பெண் செண்பகவல்லியை, ஞானஸ்நானம் கொடுக்காமலேயே கட்டிக்கொண்டபோது, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் ஞானமுத்து ஒதுங்கிப் போவான். ஜெபமலர் மட்டும் தம்பியை அவ்வப்போது போய்ப் பார்த்து வருவாள். ரத்தினம் அதைத் தடுக்கவில்லை, விசாரிக்கவும் இல்லை.

ஞானமுத்து, மர டிப்போ வைத்திருந்த வல்லிநாயகத்திடம் லாரி டிரைவர். 1961 சாரல் காலத்தில் அந்த லாரி பிரேக் ஆயில் ஒழுகி ரத்தினத்திடம் வந்தது. ஞானமுத்து வரவில்லை, கிளீனர் பலவேசத்தோடு வேறொருவன் ஓட்டி வந்து விட்டுப் போனான்.

அடியில் படுத்துப் பார்த்தபோது அடிச்சட்டமான சேஸிஸ் நெடுக ஓடிய இரும்புக் குழாய் துருப்பிடித்து அரித்திருந்தது. ரத்தினம் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாயை வளைத்து, முனைகளை விரித்து, நட்டுப் போட்டு இறுக்கினார். பிரேக் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றும்போதுதான் அவர் இன்னொன்றைக் கவனித்தார். சேஸிஸிலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் ரப்பர் குழாய், கேபினில் இருந்த ஒர்க்‌ஷாப் பையன் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி உப்பியது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழியில்தான் ஆயில் போகிறது. அது வெடித்தால் ஒரு சக்கரத்திலும் பிரேக் பிடிக்காது.

அந்த அளவுக் குழாய் மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அதுவரை வண்டியை ஒர்க்‌ஷாப்பிலேயே போட இடமில்லை. ரயிலடிப் பக்கம் இருந்த டிப்போ வரைக்கும் ஓடட்டும் என்று பழையதையே மறுபடி மாட்டினார். வல்லிநாயகத்தை நேரில் பார்த்துச் சொன்னார்.

"ரப்பர் ஹோஸ் மாத்தாம மலைக்கு அனுப்பிராதீங்க அண்ணாச்சி. டிப்போவுலயே கெடக்கட்டும்."

சரி என்றார் வல்லிநாயகம்.

ஆனால் மலைமேல் ஆரியங்காவில் வெட்டிப் போட்ட மரம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி அந்த லாரி மேற்கே போனது. ஸ்டியரிங்கில் ஞானமுத்து. மலை ஏறாமல் செங்கோட்டை வரைக்கும்தான் போகிறானோ, வேறு எங்கேயாவது குழாய் கிடைத்து மாற்றிவிட்டார்களோ என்று ரத்தினம் நினைத்தார். கையைத் தூக்கியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். கையிலிருந்த எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்தபடி அப்படியே நின்றார்.

மரத்தோடு திரும்பி வருகையில், புளியரைக்கு இறங்கும் வளைவில் ரப்பர் குழாய் வெடித்துப் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. ஞானமுத்து கியரைக் குறைக்கப் பார்த்தான். முடியவில்லை. பலவேசத்தைக் குதிக்கச் சொல்லிக் கத்தினான். பலவேசம் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டான். லாரி பாறையில் மோதியது. பின்னாலிருந்த மரம் முன்பக்கம் சரிந்து கேபினை நசுக்கிவிட்டது.

செங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஞானமுத்துவின் உடலை வாங்கிக்கொண்டு வந்து அடக்கம் பண்ணினார்கள். எல்லாரும் போன பிறகு ஜெபமலர் கேட்டாள்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"முதலாளிகிட்டச் சொன்னேன்."

"முதலாளிய நான் கேக்கல."

 

கோர்ட்டில் ரத்தினம் எதையும் மறைக்கவில்லை. பழைய குழாயை மாட்டியது தான்தான் என்றார். முதலாளியை எச்சரித்ததையும், லாரி போவதைப் பார்த்தும் டிரைவரை நிறுத்திச் சொல்லாமல் விட்டதையும் சொன்னார். மெக்கானிக் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார் வல்லிநாயகம். செத்தவனுக்கு ரத்தினம் அத்தான் முறை என்பதால், சொந்தத்துக்காகப் பேசுகிறார் என்று அவர் பேச்சு எடுபடவில்லை. டிரைவர் வேகமாக ஓட்டியதே காரணம் என்று வழக்கு முடிந்தது. செத்துப்போனவன் தலையிலேயே பழி விழுந்ததுதான் ரத்தினத்தால் தாங்க முடியாததாக இருந்தது. அவரிடம் வரும் வேலை குறைந்தது. வந்த வண்டிகளில் கெட்டுப்போன குழாயைக் கண்டால் அங்கேயே அறுத்துவிடுவார். வண்டிக்காரர்கள் சண்டை போட்டார்கள்.

செண்பகவல்லி அப்போது கர்ப்பமாக இருந்தாள். ஜெபமலர் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ரத்தினம் மறுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழத் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், சோறு போட வந்த செண்பகவல்லியை உட்காரச் சொல்லி, அந்தக் காலையில் லாரி போனதைப் பார்த்தும் கூப்பிடாமல் நின்றதை அவளிடம் சொன்னார். கோர்ட்டுக்கு அவள் வரவில்லை. அதுவரை அவளுக்கு அது தெரியாது.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே அண்ணாச்சி" என்றாள் அவள். 

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வடகரைக்குப் போய்விட்டாள். பிறந்த வீட்டில் அவளை யாரும் விரும்பி ஏற்கவில்லை. வயல் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபமலர் அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். தானும் வரட்டுமா என்று ரத்தினம் ஒரே ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றாள்.

1967இல் நெஞ்சு நோய் கண்டு ரத்தினம் இறந்தார். செண்பகவல்லி மகளோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தாள். உள்ளே வராமல் வெளிச்சுவர் ஓரமாக நின்றாள். ஜெபமலர் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். "இங்கனயே நிக்கேன் மதினி" என்றாள் செண்பகவல்லி. குழி மூடும்வரை நின்றுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.