கூட்டத்தில் சேராத விண்மீனும் ஒரு கல்லறையும்

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊர் சுற்றிப் பார்க்க நான் தூத்துக்குடி போகவில்லை. என்னோடு வானியல் ஆராய்ச்சி செய்த ஜெரோம் இந்த வருடம் பைக் விபத்தில் இறந்துவிட்டான். அவன் மனைவி மெர்சியிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

நெல்லையிலிருந்து பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து கடலோரக் கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். "உள்ள வண்டி போவாது அண்ணாச்சி, இங்கனயே இறங்கிக்கிடுங்க" என்று டிரைவர் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். காசை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். கார்த்திகை விண்மீன்கள் ஒரே மேகத்தில் பிறந்த குடும்பம். ஒரு விண்மீன் அதில் சேர்ந்ததா என்று அறிய, மற்றவற்றோடு ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்கிறதா என்று பார்ப்போம். தூரமும் ஒத்துவர வேண்டும். ஜெரோம் கண்டெடுத்த மங்கலான விண்மீன் கூடவேதான் நகர்ந்தது. தூரம் சரியாகத் தெரியுமுன்பே ஆசையில் அதைச் சேர்த்துவிட்டான். அவன் போனபிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது கூட்டத்துக்கு வெகு பின்னால் இருக்கிறது.

தோட்டம் முழுக்க மெழுகுவத்தி. ஜெரோமின் கல்லறையில் புதுக் கறுப்புக் கல். சிலுவைக்குக் கீழே ஒரு வரி: 'கார்த்திகைக்கு ஒரு விண்மீன் சேர்த்தவர்.' மெர்சி கல்லருகே உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் வரிசை வரிசையாகக் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வந்தார். மந்திரித்த கல்லில் அந்த வீட்டார் பிறகு ஓர் எழுத்தை மாற்றக்கூடக் கைவைக்க மாட்டார்கள். எங்களிடம் வர இன்னும் மூன்று வரிசைதான்.

"மெர்சி, அந்த விண்மீன் கார்த்திகையைச் சேர்ந்தது இல்லம்மா."

மெழுகுவத்தியை நட்டுக்கொண்டே கேட்டாள். "அவுகளுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. தெரியாமலே போயிட்டான்."

"நல்லவேளை" என்றாள். பிறகு குலுங்கி அழுதாள். நானும் அழுதேன்.

பாதிரியார் பக்கத்துக் கல்லுக்கு வந்ததும் மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலுவையில் கிடந்த சம்பங்கி மாலையை எடுத்து அந்த வரியின்மேல் போட்டாள். மற்ற கல்லறைகளில் மாலை சிலுவையில்தான் இருந்தது. பாதிரியார் தண்ணீர் தெளித்து, செபம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கார்த்திகை பார்க்க வருகிறவர்கள் துறைமுக விளக்குகளைத் தாண்டித் தெற்கே போய்விடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் எட்டு மணிவாக்கில் கிழக்கே கடலுக்கு மேல் தெரியும். பைனாகுலரைக் கையோடு கொண்டுபோங்கள். ஜெரோமின் விண்மீன் அதில் தெரியாது, தேட வேண்டாம்.

சம்பங்கி இரண்டு நாள் தாங்கும். அதற்குப் பிறகு என்ன செய்வாய் என்று நான் மெர்சியிடம் கேட்கவில்லை.