புட்டுக் குழலில் இடித்த ஆயில் சீல்

உப்புக்காற்றில் துருப்பிடித்த எங்கள் பைக்கில், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் கசிந்தது. மெக்கானிக் எதற்கு என்று, வீடியோ பார்த்து நேற்று வீட்டிலேயே பிரித்தார் என் கணவர். ஆயில் சீல் என்ற புது ரப்பர் வளையத்தை இடித்து இறக்க அவர் எடுத்தது என் புட்டுக் குழலை. பிறகு துணியால் துடைத்து அடுப்படியில் வைத்துவிட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

இன்று காலை நயினார்கோவிலிலிருந்து மாமியார் வந்தார். புட்டு அவித்தேன்.

கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

"ஆத்தா, போதும்."

"ஏலே, பெத்தவ திங்குறது பொறுக்கலையா? இங்கன உக்காந்து நீயும் தின்னு."

கணவர் தட்டிலும் நிறைய வைத்தேன். கண் கலங்க விழுங்கினார்.

நேற்று மாலையே அதேபோல் புதுக் குழல் வாங்கிவிட்டேன். பழையது குப்பையில்.

மாமியார் நாலு நாள் இருப்பார். நாலு நாளும் புட்டுதான். ஐந்தாம் நாள் சொல்லிவிடவா, சொல்லவே வேண்டாமா?